சின்சினியின் மண்கோட்டை

ராஜஸ்தானின் கிழக்கு மூலையில், டீக் நகரத்துக்குத் தெற்கே சில மைல் தொலைவில் சின்சினி என்றொரு கிராமம் இருக்கிறது. கடுகும் கோதுமையும் கம்பும் விளைகிற சமவெளி. ரூபாரேல், பாணகங்கை என்று பெயருக்கு ஆறுகள் உண்டு. மழைக்காலம் போனால் மணல்தான். கிழக்கே ஆக்ரா, வடகிழக்கே மதுரா, வடக்கே டில்லி. இந்த ஊரின் பெயரையே குலப்பெயராகக் கொண்டவர்கள் சின்சின்வார் ஜாட்டுகள். ஷாஜகான் தாஜ்மகாலைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆக்ரா அரண்மனையில் இவர்கள் பெயரைக் கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 1761 ஜூனில் அதே ஆக்ராக் கோட்டைக்குள் இந்தக் குலத்து மன்னன் சூரஜ்மலின் படை நுழைந்தது. இடைப்பட்ட காலம் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள், ஐந்தே தலைமுறைகள்.

முந்தைய பகுதிகளில் ஜாட் சமூகத்தை மொத்தமாகப் பார்த்தோம். இந்தப் பகுதியில் ஒரே ஒரு குலத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜாட்டுகளின் வரலாறு குலங்களின் வரலாறுதான். மொத்தமாகப் பேசும்போது பாதி நழுவிவிடுகிறது.

குலத்தை அவர்கள் 'கோத்' என்பார்கள். கோத்திரம் என்ற சொல்லின் பேச்சு வடிவம்தான், ஆனால் பொருள் வேறு. பிராமணக் கோத்திரம் ஒரு ரிஷியிடம் போய் நிற்கும். ஜாட்டின் கோத் பெரும்பாலும் ஓர் ஊரிடமோ, ஒரு மூதாதையிடமோ போய் நிற்கும். சின்சினியைச் சேர்ந்தவர் சின்சின்வார். பக்கத்திலேயே இருந்த சோகர் ஊரைச் சேர்ந்தவர் சோகர்வார். ஒரே கோத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் அண்ணன் தம்பிகள், அக்காள் தங்கைகள். தங்கள் கோத்தில் பெண் எடுக்க முடியாது. அம்மாவின் கோத்திலும், வழக்கப்படி பாட்டியின் கோத்திலும் எடுக்க முடியாது. ஓர் ஊர் முழுக்க ஒரே கோத்தாக இருந்தால், அந்த ஊரில் பிறந்த பெண் ஒவ்வொருத்தியும் வெளியூருக்குத்தான் வாழ்க்கைப்பட்டுப் போகவேண்டும். ஊர்க்காரர்கள் எல்லாரும் பங்காளிகள், சுற்றுப்பட்டு முழுதும் சம்பந்திகள். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்சின்வார்கள் பிற்பாடு எப்படி ஒரு நாட்டையே சேர்த்தார்கள் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

இந்தக் குலத்துக்கு இரண்டு தோற்றக் கதைகள் உண்டு. ஒன்று ஜகா எனப்படும் வம்சாவளிக்காரர்கள் தங்கள் ஏட்டைப் பிரித்துப் படித்துக்காட்டுவது. இன்னொன்றை எவரும் ஏடாக எழுதிவைக்கவில்லை. பழைய நூல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பதை நாம்தான் பொறுக்கிச் சேர்க்கவேண்டும்.

முதற்கதை சந்திர குலத்தில் தொடங்குகிறது. யதுவின் வழி, கண்ணன் பிறந்த வழி. மதுராவிலும் பயானாவிலும் ஆண்ட யாதவ ராஜபுத்திரர்களின் கிளையில் பால்சந்த் என்று ஒருவர். ராஜபுத்திர மனைவியிடம் அவருக்குப் பிள்ளை இல்லை. ஜாட் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். பிஜ்ஜே, சிஜ்ஜே என்று இரண்டு மகன்கள் பிறந்தார்கள். அப்பன் வீட்டு ராஜபுத்திரர்கள் அவர்களைத் தங்கள் பந்தியில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் ஜாட்டுகளாகவே வளர்ந்தார்கள். அப்பன் வழிக் குலப்பெயர் கிடைக்காததால், குடியிருந்த ஊரின் பெயரையே குலப்பெயராக்கிக்கொண்டார்கள். அப்படிச் சின்சின்வார் குலம் பிறந்தது என்று முடிகிறது கதை.

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பால்சந்த் இருந்தாரா என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் கதைக்குள்ளே ஒரு சமூக உண்மை பொதிந்து கிடக்கிறது. ஜாட்டும் ராஜபுத்திரரும் எதில் பிரிந்தார்கள்? ஒன்று ஏர். ராஜபுத்திரக் குடும்பத்து ஆண் கலப்பையைத் தொடுவது இழிவாகக் கருதப்பட்டது. ஜாட் தானே உழுதான், அவன் வீட்டுப் பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்தார்கள். இன்னொன்று கைம்பெண் மறுமணம். கணவனை இழந்தவளுக்கு அவன் தம்பியோ உறவினனோ மேலே ஒரு துணியைப் போர்த்தி மனைவியாக்கிக்கொள்ளும் வழக்கம் ஜாட்டுகளிடம் உண்டு. கரேவா என்று பெயர். ராஜபுத்திரர்கள் அதை ஏற்கவில்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டிப் பஞ்சாபைப் பற்றி எழுதிய டென்சில் இபட்சன், இவ்விரு சமூகங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ரத்தத்தைவிடச் சமூகப் படிநிலையைச் சார்ந்தது என்றே கருதினார். ஏரைக் கையில் எடுத்து, கைம்பெண்ணை மணந்துகொண்டால் ராஜபுத்திரக் குடும்பம் ஜாட்டாக இறங்கும். இவற்றை விட்டுவிட்டு நாலு தலைமுறை கோட்டையில் உட்கார்ந்தால் ஜாட் குடும்பம் ராஜபுத்திரத் தகுதி கோரும். பால்சந்த் கதையில் வரும் பந்தி விலக்கு, இந்தப் படியில் யார் எங்கே நின்றார்கள் என்பதன் நினைவு.

கதையின் இன்னொரு பாதியான சந்திர குலம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், ஆட்சி வந்தபிறகு என்பதே என் துணிபு. கண்ணன் விளையாடிய பிரஜ பூமியை ஆளவந்தவர்களுக்குக் கண்ணனின் குலத்தைவிடப் பொருத்தமான குலம் வேறென்ன இருக்கமுடியும்? அரசவைப் புலவர்களும் வம்சாவளிக்காரர்களும் சேர்ந்து செய்த வேலை அது. இந்திய அரச குலங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வானத்தில் வேர்விட்டிருக்கின்றன.

இரண்டாவது கதைக்கு வருகிறேன். ஜாட்டுகள் முதன்முதலில் தெளிவாகத் தென்படுவது சிந்து நதியின் கீழ்ப்பகுதியில். அராபியர்கள் அவர்களை 'ஸுத்' என்றழைத்தார்கள். சிந்து நாட்டு வரலாறு கூறும் 'சச்நாமா', சச் என்ற பிராமண அரசன் பிராமணாபாத்தில் ஜாட்டுகளுக்கும் லோகாணர்களுக்கும் விதித்த கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுகிறது: உண்மையான வாள் ஏந்தக்கூடாது, பட்டு உடுத்தக்கூடாது, குதிரைக்குச் சேணம் பூட்டக்கூடாது, தலையிலும் காலிலும் எதுவும் அணியாமல் நடக்கவேண்டும், வெளியே வரும்போது நாயைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், ஆளுநரின் அடுக்களைக்கு விறகு கொண்டுவந்து போடவேண்டும். 712இல் சிந்துவைப் பிடித்த முகமது பின் காசிமும் இவற்றை அப்படியே தொடரவிட்டான். 1027இல் கஜினி முகமது சிந்து நதியில் படகுப் படை இறக்கிப் போரிட்டது இந்த ஜாட்டுகளோடுதான்.

மேய்ச்சல் மக்களாக இருந்தவர்கள் நூற்றாண்டுகள் போகப்போக வடக்கே பஞ்சாபுக்கும் கிழக்கே யமுனைக்கும் பரவி உழவர்களானார்கள். நீரிறைக்கும் பாரசீகச் சக்கரம் பஞ்சாபில் இந்த மாற்றத்துக்குக் கைகொடுத்தது என்று வரலாற்றறிஞர் இர்ஃபான் ஹபீப் விளக்கியிருக்கிறார். ஆனால் நம் சின்சினி இருக்கும் வட்டாரத்தில் அந்தச் சக்கரம் இல்லை. இதைப் பாபரே பார்த்து எழுதிவைத்திருக்கிறார். லாகூர், தீபல்பூர், சிர்ஹிந்த் பக்கம் சக்கரம். ஆக்ரா, பயானா பக்கம் எருதுகளைக் கயிற்றில் பூட்டித் தோல்வாளியில் நீர் இறைக்கிறார்கள் என்கிறார். மாடு இழுத்துக்கொண்டு போகும் கயிறு சாணத்திலும் மூத்திரத்திலும் புரண்டு மறுபடி கிணற்றுக்குள்ளேயே இறங்குகிறது என்று முகம் சுளிக்கிறார். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்மூர்க் கமலை இறைப்புத்தான். ஃபெர்கானாப் பழத்தோட்டங்களில் வளர்ந்த பாபருக்கு அருவருப்பாகத் தெரிந்த அந்தக் கயிற்றில்தான் சின்சின்வார்களின் வயல் விளைந்தது. சிந்துவிலிருந்து யமுனைக்கு வந்த அந்த நீண்ட நடையும், கிணற்றடியில் மாட்டோடு மாடாக உழைத்த உழைப்பும் இந்தக் குலத்தின் உண்மையான தோற்றம். சந்திரனைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அக்பர் காலத்து 'அயினி அக்பரி' பல பர்கானாக்களில் (வருவாய் வட்டங்களில்) ஜாட்டுகளை ஜமீன்தார்களாகக் குறிக்கிறது. ஜமீன்தார் என்றவுடன் நம் ஊர் மாளிகை ஜமீனை நினைக்கவேண்டாம். ஊர் நிலத்தில் உரிமையும், வரி வசூலித்துக் கட்டும் பொறுப்பும் உள்ள உழவர் தலைவர் என்பதே இங்கே பொருள். வரி ஏறிக்கொண்டே போனது. விளைச்சலில் மூன்றில் ஒன்று என்று இருந்தது பாதியை எட்டியது. தலைநகரத்தின் நிழலில் இருப்பது பெரிய சாபம். தொலைவிலுள்ள ஊர் வரியை இழுத்தடிக்கலாம், ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருப்பவன் எங்கே போவான்? 1638இல் மதுரா ஃபௌஜ்தார் (வட்டாரப் படையதிகாரி) முர்ஷித் குலி கான் ஜாட் அரண் ஒன்றைத் தாக்கப்போய் உயிரிழந்தான். கிராமங்களுக்குள் புகுந்து பெண்களைத் தூக்கிச்செல்பவன் என்று பெயரெடுத்த அதிகாரி அவன்.

1669இல் பெரும் கிளர்ச்சி வெடித்தது. தில்பத் ஜமீன்தார் கோகுலாவின் தலைமையில் உழவர்கள் திரண்டார்கள். மதுரா ஃபௌஜ்தார் அப்துன் நபி கான் மே மாதம் கொல்லப்பட்டான். ஔரங்கசீப் படைகளை ஏவி, கடைசியில் தானே ஆக்ராப் பக்கம் புறப்பட்டு வரவேண்டியிருந்தது. தில்பத்தில் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். பிடிபட்ட கோகுலாவை 1670 ஜனவரி முதல் நாள் ஆக்ராக் கொத்தவால் சாவடி முன்னால் அங்கம் அங்கமாக வெட்டினார்கள். அதே மாதம் மதுராவின் கேசவ தேவர் கோயிலை இடிக்க ஆணை போனது. அடுத்த பதினைந்தாண்டு மதுரா வட்டாரம் அடங்கிக் கிடந்தது. அல்லது அடங்கிக் கிடப்பதுபோல இருந்தது.

கோகுலாவின் தோல்வியிலிருந்து பாடம் படித்தவர் சின்சினியைச் சேர்ந்த ராஜாராம். பஜ்ஜா சிங்கின் மகன். தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரலாம். இதே காலத்தில் செஞ்சிக் கோட்டையில் தங்கி முகலாயரை எதிர்த்த சிவாஜியின் மகன் பெயரும் ராஜாராம்தான். ஆள் வேறு, ஆனால் இருவர் கதையும் ஒரே கயிற்றில் கட்டியவை என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

கோகுலாவிடம் ஆள் இருந்தது, வேகம் இருந்தது. திறந்த வெளியில் அரசாங்கப் படையை நேருக்கு நேர் எதிர்கொண்டு அழிந்தார். ராஜாராம் செய்த முதல் வேலை, சோகர் ஊர்த் தலைவர் ராம்சேஹராவோடு கைகோத்தது. சின்சின்வாரும் சோகர்வாரும் ஒன்றானதே ஒரு பெரிய அரசியல் நிகழ்ச்சி. அதுவரை ஒவ்வொரு கோத்தும் தன் எல்லைக்குள் தனித்தே நின்றது. அடுத்து, உழவர் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி. படைத்தலைவனின் சொல்லுக்குக் கட்டுப்படும் ஒழுங்கு. மூன்றாவது, காட்டுக்குள் மண்கோட்டைகள்.

இந்த மண்கோட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். கல் கிடைக்காமல் கட்டியது என்று எண்ணவேண்டாம். பன்சி பகாட்பூரின் மணற்கல் பக்கத்திலேயே இருந்தது, பிற்பாடு இவர்களே அதைக் கொண்டு டீகில் அரண்மனைகள் எழுப்பினார்கள். சுற்றிலும் ஆழமான அகழி தோண்டி, தோண்டிய மண்ணையே உள்ளே கொட்டி அடித்து இறுக்கி, பல கஜம் கனமுள்ள சுவராக எழுப்பினார்கள். வெளியே முள்மரக் காடு அப்படியே விடப்பட்டது. பீரங்கிக் குண்டு கல்சுவரில் பட்டால் கல் உடையும், விரிசல் ஓடும், சுவர் சரியும். மண்சுவரில் பட்டால் குண்டு புதைந்து நின்றுவிடும். இரவில் ஊர்க்காரர்கள் கூடை கூடையாக மண் கொட்டினால் காலையில் சுவர் பழையபடி இருக்கும். செலவு கிடையாது, கொத்தன் தேவையில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் கோட்டை கட்டலாம். வரப்பு கட்டிய கை வளர்ந்து கோட்டை கட்டியது.

ராஜாராமின் இலக்கு ஆக்ராவிலிருந்து தோல்பூர் வழியாகத் தெற்கே போகும் அரச சாலை. ஔரங்கசீப் 1681 முதல் தக்காணத்தில். பீஜாப்பூரும் கோல்கொண்டாவும் 1686, 1687இல் விழுந்தன. அந்தப் பெரும் பாசறைக்கு வேண்டிய பணமும் படைக்கலமும் ஆட்களும் வடக்கேயிருந்து இந்தச் சாலை வழியாகவே போகவேண்டும். காபூலிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த புகழ்பெற்ற தூரானி (நடு ஆசிய வழிவந்த) தளபதி ஆகர் கானின் வண்டிகளை தோல்பூர் அருகே ராஜாராமின் ஆட்கள் மறித்தார்கள். கான் துரத்திக்கொண்டு போனான்; துப்பாக்கிக் குண்டுக்கு இரையானான். பின்னாளில் செஞ்சியை ஜுல்ஃபிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தபோதும், தென்னாட்டுப் போருக்குப் போன வடநாட்டுப் பணம் இந்த ஜாட் வயல்களைக் கடந்துதான் வந்தது. சின்சினி ராஜாராமின் கூட்டத்தார் கவர்ந்த ஒவ்வொரு பொதியும் செஞ்சி ராஜாராமை நெருக்கிய படைக்குக் குறைந்த பொதி. ஒருவரையொருவர் அறியாமல் இரு கூட்டத்தாரும் ஒரே பேரரசின் இரு முனைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

1688 மார்ச்சில் ராஜாராம் சிக்கந்தராவுக்குள் புகுந்தார். அக்பரின் கல்லறை இருக்கும் இடம். தங்க, வெள்ளிப் பாத்திரங்கள், விளக்குகள், கம்பளங்கள் எல்லாம் போயின. தூக்க முடியாதவை உடைக்கப்பட்டன. அக்பரின் எலும்புகளையே தோண்டி எரித்துவிட்டார்கள் என்று எழுதியவர் நிக்கோலாவ் மனுச்சி. வெனிஸ் நகரத்துக்காரரான இந்த மனுச்சி அப்போது இருந்தது நம் சென்னையில், பரங்கிமலையில் வீடு வைத்துக்கொண்டு. நேரில் பார்த்ததல்ல, காதில் விழுந்ததை எழுதினார். எலும்பு எரிந்ததோ இல்லையோ, கல்லறை சூறையாடப்பட்டது உண்மை. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உழவர்மீது வரியை ஏற்றியதும், கோகுலாவை வெட்டியதும் அக்பர் அல்ல. நிலத்தை அளந்து முறையாக வரி வகுத்த மன்னரின் கல்லறை, அவருடைய கொள்ளுப்பேரனின் பாவத்துக்குப் பலியானது.

அதே ஆண்டு ஜூலையில் ராஜாராம் இறந்தார். அது தன் போரில்கூட அல்ல. சௌகான், சேகாவத் ராஜபுத்திரர்களுக்கு இடையே நடந்த எல்லைச் சண்டையில் சௌகான்களுக்குத் துணை போயிருந்தார். மறுபக்கத்துக்கு மேவாத் ஃபௌஜ்தாரின் படை துணை. மறைந்திருந்த ஒருவன் சுட்ட குண்டில் சாய்ந்தார். அவர் தலை தக்காணத்துக்கு, ஔரங்கசீப்பின் பாசறைக்கு அனுப்பப்பட்டது. ராம்சேஹரா பிடிபட்டு ஆக்ராவில் தலை துண்டிக்கப்பட்டார்.

இனிச் சின்சினியின் முறை. ஆம்பேர் அரசர் பிஷன் சிங் அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்குவதாக எழுத்தில் உறுதி கொடுத்தார். இளவரசன் பீதார் பக்தின் முகலாயப் படையும் ஆம்பேரின் ராஜபுத்திரப் படையும் சூழ்ந்துகொண்டன. காட்டை வெட்டி வெட்டித்தான் முன்னேற முடிந்தது. முற்றுகையிட வந்தவர்களுக்கே தண்ணீர் கிடைக்கவில்லை, தீவனம் கிடைக்கவில்லை. இரவுதோறும் ஜாட்டுகள் பாய்ந்து தாக்கிவிட்டுக் காட்டுக்குள் மறைந்தார்கள். மாதங்கள் ஓடின. வாயிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மோப்பம் பிடித்துத் தங்கள் பக்கத்தைக் கற்களால் அடைத்துவிட்டார்கள். வெடித்த நெருப்பு திரும்பிப் பாய்ந்து முகலாயப் பீரங்கிக்காரர்களையே பொசுக்கியது. இரண்டாவது சுரங்கம் தோண்ட ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. இந்த முறை உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 1690 ஜனவரி இறுதியில் சுவர் வானத்தில் பறந்தது. இடிந்த சுவரின் மேல் நின்றும் மூன்று மணி நேரம் போரிட்டார்கள். ஜாட்டுகளில் 1,500 பேர் மாண்டார்கள். வென்றவர்கள் பக்கம் 200 முகலாயர் மாண்டார்கள், 700 ராஜபுத்திரர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். பேரரசனின் பேரனும் ஆம்பேர் அரசரும் சேர்ந்து மாதக்கணக்கில் முட்டி மோதியது ஒரு கிராமத்தோடு என்பதை நினைத்துப்பாருங்கள்.

அடுத்த ஆண்டு சோகரும் வீழ்ந்தது. குலம் சிதறியது; காட்டிலும் உறவினர் ஊர்களிலும் ஒளிந்தது. வெளியே வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் அத்தனை பேர் வீடும் அடைக்கலமாயிற்று என்று ஊகிப்பதில் தவறில்லை. பங்காளிகள் தோற்றால் சம்பந்திகள் தாங்கினார்கள்.

சிதறிய கூட்டத்தைச் சேர்த்து எடுத்தவர் சூராமன், அதே சின்சினிக் குடும்பம். ராஜாராம் வீரர் என்றால் சூராமன் கணக்குத் தெரிந்தவர். சின்சினி சிலமுறை கை மாறியது. அவர் அதற்காகக் கலங்கவில்லை, மேற்கே தூண் என்ற இடத்தில் அதைவிடப் பெரிய மண்கோட்டை எழுப்பினார். 1707 ஜூனில் ஔரங்கசீப்பின் மகன்கள் ஆஜமும் முவஸ்ஸமும் ஆக்ராவுக்கு அருகே ஜாஜௌவில் அரியணைக்குப் போரிட்டபோது, ஓரமாக நின்று பார்த்து இரு தரப்பு மூட்டை முடிச்சுகளையும் அள்ளிக்கொண்டார். வென்று பகதூர் ஷா ஆன முவஸ்ஸமிடமே போய் 1,500 ஸாத், 500 குதிரை கொண்ட மன்சப் (அரசுப் பதவித் தகுதி) பெற்றுக்கொண்டார். கொள்ளைக்காரன் என்று தேடப்பட்ட குலத்தவர் அரசாங்க அதிகாரியானார். 1713இல் பேரரசர் ஃபரூக்சியர் அவரை டில்லிக்கு அழைத்து, டில்லி எல்லையிலிருந்து சம்பல் ஆறு வரை அரச சாலையைக் காக்கும் பொறுப்பையே கொடுத்தார். சூராமன் சுங்கம் வசூலித்த வேகத்தில் வணிகர்கள் அலறினார்கள்.

1716இல் ஆம்பேரின் சவாய் ஜெய்சிங் தூணை முற்றுகையிட்டார். பிற்காலத்தில் ஜெய்ப்பூரையும் ஜந்தர் மந்தரையும் கட்டிய அதே மேதை. சூராமன் செய்த ஏற்பாடு ஒன்று என்னை வியக்கவைக்கிறது. கோட்டைக்குள் இருந்த வணிகர்களை வெளியேறச் சொன்னார். சரக்கை விட்டுவிட்டுப் போங்கள், வென்றால் ஈடு கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாய்கள் குறைந்தன, தானியமும் நெய்யும் உப்பும் துணியும் மிஞ்சின. முற்றுகை ஆண்டுக்கு மேல் நீடித்தது. டில்லியில் செல்வாக்கோடு இருந்த சையது அப்துல்லா கானுக்கு ஜெய்சிங்கின் வெற்றி பிடிக்கவில்லை. 1718இல் அவர் தலையிட்டு நேரடியாகச் சமரசம் செய்துவைத்தார். வெல்லும் நேரத்தில் வெறுங்கையோடு திரும்பிய ஜெய்சிங் அதை மறக்கவில்லை.

பேரரசால் முடியாததைக் குடும்பச் சண்டை செய்தது. 1721இல் இறந்துபோன செல்வந்த உறவினர் ஒருவரின் சொத்துக்காகச் சூராமனின் மகன்கள் அடித்துக்கொண்டார்கள். சமாதானம் பேசப் போன தந்தையிடம் மூத்த மகன் மொக்கம் சிங் எதிர்த்துப் பேசினான். மானம் பொறாத சூராமன் எப்போதும் உடன் வைத்திருந்த நஞ்சைத் தின்று மாண்டார். மொக்கம் சிங் தலைமைக்கு வந்தான். பங்காளியான பதன் சிங், முன்பு இவர்களிடம் சிறைப்பட்டு மீண்டவர், நேரே ஜெய்சிங்கிடம் போய்ச் சேர்ந்தார். தூணின் சுவர் எங்கே மெலிவு என்பது அவருக்குத் தெரியும். 1722 நவம்பரில் கோட்டை விழுந்தது. மொக்கம் சிங் ஜோத்பூர்ப் பக்கம் ஓடினான். தூண் இருந்த இடத்தைக் கழுதை பூட்டி உழச்செய்தார் ஜெய்சிங் என்பார்கள். பகைவர் ஊரைக் கழுதை ஏரால் உழுது பாழாக்கும் வழக்கத்தைப் புறநானூற்றில் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பற்றிய பாட்டில் படித்தவர்கள் நாம். உழவர் கோட்டைக்கு வந்த அந்த உழவு கொடியது.

பதன் சிங்கைக் காட்டிக்கொடுத்தவர் என்று சிலர் ஏசுவார்கள். நான் அந்தப் பக்கம் சாயவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கோட்டை கட்டுவதும் இழப்பதுமாக இருந்த குலத்துக்கு முதன்முதலாக நிலைத்த ஆட்சியைத் தந்தவர் அவர்தான். ஜெய்சிங் அவருக்கு 'பிரஜ்ராஜ்' என்ற பட்டத்தையும் சூராமனின் நிலங்களையும் கொடுத்தார். பதன் சிங் தன்னை ராஜா என்று அழைத்துக்கொள்ளவில்லை. தாக்கூர் என்பதோடு நிறுத்திக்கொண்டார். தசராவுக்கு ஜெய்சிங்கின் அவைக்குப் போய் வணங்கிவிட்டு வந்தார். அந்த வணக்கத்தின் மறைவில் டீகையும் கும்ஹேரையும் வலுப்படுத்தினார். சுற்றியிருந்த ஜாட் தலைவர்களை வாளால் வென்றது கொஞ்சம், மாலையால் வென்றது அதிகம். காமர், சஹார் போன்ற ஊர்களின் பெருங்குடும்பங்களில் பெண் எடுத்தார். தன் கோத்துக்குள் மணக்கக்கூடாது என்ற பழைய விதி, ஒரு குலம் மற்றக் குலங்களையெல்லாம் உறவாக்கி அரசாக விரியும் வழியாயிற்று. பங்காளிகள் உடைத்ததைச் சம்பந்திகள் கட்டினார்கள்.

சோகர்வார் மட்டும் வெளியே நின்றார்கள். ராஜாராமின் தோழராக ஆக்ராவில் தலை கொடுத்த ராம்சேஹராவின் குலம் அது. அவர்களின் தலைவர் கேம்கரண் தாழ்நிலத்தில் ஒரு மண்கோட்டையில் இருந்தார். 1733இல் பதன் சிங்கின் இளம் மகன் சூரஜ்மல் இரவோடிரவாக அதைத் தாக்கிப் பிடித்தார். நண்பர் குலத்தின் கோட்டையைப் பறித்தது இந்தக் குலத்தின் வரலாற்றில் எனக்குக் கசக்கும் பக்கங்களில் ஒன்று. ஆனால் சூரஜ்மல் அந்தத் தாழ்நிலத்தில் பகைவர் எவரும் காணாததைக் கண்டார்: பாணகங்கையின் வெள்ளம் வந்து தேங்குகிற இடம், அகழிக்கு வற்றாத நீர். இராமனின் தம்பி பரதன் பெயரால் அங்கே ஒரு நகரம் எழுந்தது. குலதெய்வமாக இன்னொரு தம்பி லட்சுமணனை வைத்துக்கொண்டார்கள். 1805இல் ஆங்கிலத் தளபதி லேக் நான்குமுறை மோதியும் ஏறமுடியாத பரத்பூர் மண்சுவர்கள் அவை.

1754இல் மராட்டியர் கும்ஹேரை முற்றுகையிட்டதையும், அங்கே அகல்யாபாயின் கணவர் கண்டேராவ் ஹோல்கர் உயிரிழந்ததையும், அதன்பின் சூரஜ்மலின் ராணி கிஷோரி நடத்திய பேச்சுவார்த்தையையும் அடுத்த இதழில் பார்க்கலாம்.